சிங்குக்குக் கீழே பூட்டாத மெசின்

என் அக்கா இராசலட்சுமியின் புருசன் கோணேசனைப் பற்றி நல்லதாக எழுதச் சொன்னால் எனக்கு இரண்டு வரிக்கு மேல் வராது. குடிக்க மாட்டார். ஒரு வெள்ளிக்கிழமையும் கோயிலைத் தவற விட மாட்டார். மிச்சமெல்லாம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தவை.

டென்மார்க்கில், கோல்டிங் நகரத்து யன்னல் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறார். அங்கே இவரை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. அந்தக் குறைக்கும் சேர்த்துக் கோயிலில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார். அன்னதானத்துக்குக் கொடுத்தவர்களின் பெயர்களை வாசிக்கும்போது தன் பெயர் முதலில் வராவிட்டால் அன்றைக்கு வீட்டில் அக்காவுக்குத்தான் ஏச்சு.

அக்கா முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறாள். அங்கே சிங்குக்குக் கீழே குப்பை அரைக்கிற மெசின் ஒன்று இருக்கிறது. டெனிஷில் குவேர்ன் என்பார்கள். மிச்சச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டுத் தண்ணீரைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் எல்லாம் போய்விடும். வீட்டுக்கும் அப்படி ஒன்று வேண்டுமென்று நாலு வருடத்துக்கு முன்பே கேட்டாள். ஆசைக்குக் கேட்கவில்லை. எங்கள் வீடுகளில் சனிக்கிழமை மீன். குப்பை லொறியோ இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் வரும். கோடையில் மீன் கழிவைப் பச்சைப் பையில் கட்டிப் போட்டால் நாலாம் நாள் புழு நெளியும். பக்கத்து வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு போவதை அக்கா யன்னலால் பார்த்துக் கூனிக் குறுகுவாள்.

"உனக்கென்ன விசரே? கொமூனிட்டைக் கேக்கோணும், பைப் அடைச்சால் ஆள் பிடிக்கோணும். பிரீசர் சும்மாதானே கிடக்கு" என்றார் அத்தான். கொமூன் என்கிற நகரசபையில் அனுமதி கேட்கிற பேச்சே இல்லாமல் கதை அதோடு முடிந்தது.

அன்றிலிருந்து மீன் கழிவு பழைய ஐஸ்கிறீம் பெட்டிகளில் அடைபட்டுப் பிரீசரின் கீழ்த்தட்டுக்குப் போனது. லொறி வருகிற காலையில் கட்டியாக எடுத்துப் போடுவாள். மேல்தட்டிலும் அதே வெள்ளை ஐஸ்கிறீம் பெட்டிகள்தான். அதற்குள் கோயிலுக்கென்று துருவி வைத்த தேங்காய்ப்பூ. எங்கள் ஆட்களின் வீட்டில் ஐஸ்கிறீம் பெட்டிக்குள் ஐஸ்கிறீமைத் தவிர எல்லாம் இருக்கும்.

கோயில் மடப்பள்ளிதான் அக்காவின் இடம். வேலையில் அவள் பாத்திரம் கழுவுகிறவள். வீட்டில் இந்த மனுசனுக்குச் சேவகம். மடப்பள்ளியில் மட்டும், "இராசலட்சுமியக்கா, உப்புக் காணுமோ எண்டு பாருங்கோ" என்று பத்துப் பேர் கரண்டியை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

போன வருடம் திருவிழா வெள்ளிக்கிழமை அக்காவுக்குக் காலை வேலை. அத்தானுக்குப் போன் எடுத்து, "மேல்தட்டிலை மூண்டு பெட்டி தேங்காய்ப்பூ இருக்கு, அதை மட்டும் கொண்டுபோய்க் குடுங்கோ" என்றாள். மூன்று பெட்டி என்றால் மூன்று பெட்டி எடுக்கிற மனுசனா இவர்? மடப்பள்ளியில் அக்காவோடு சமைக்கிற சுஜாந்தினி வீட்டாரும் மூன்று கொடுத்திருக்கிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கீழ்த்தட்டைத் திறந்து இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு நாலாகக் கொண்டுவந்து வைத்தார். ஒரு மூடியைத் திறந்து பார்க்கக்கூட இல்லை.

நான் அங்கே பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தேன். இளகட்டும் என்று பெட்டிகளை அடுப்போரம் வைத்திருந்தார்கள். பாற்சோற்றுக்குத் தேங்காய்ப்பூ வேண்டுமென்று சுஜாந்தினி நாலாவது பெட்டியைத் திறந்தாள். செவுளும் குடலும் செதிலும். பெட்டி அவள் கையிலிருந்து விழுந்து, இளகிய தண்ணீர் அரிசி கழுவி வைத்த சட்டிவரை தெறித்தது.

திருவிழா நாளில் மடப்பள்ளிக்குள் மீன்! வைத்த சோறு முழுவதும் வெளியே போனது. மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவித் துடைத்து மறுபடி உலை வைக்க மூன்று மணியாகிவிட்டது. பசியோடு நின்ற சனம் வாய்க்கு வந்தபடி திட்டியது.

"ஆருடைய பெட்டி இது?" என்று கோயில் தலைவர் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? இராசலட்சுமிதான் எடுத்து வைச்சவ" என்றார் அத்தான். கண்கூட இமைக்கவில்லை.

அன்று பின்னேரம் அக்கா வந்ததும், "கொஞ்ச நாளைக்கு மடப்பள்ளிப் பக்கம் வராதேங்கோ" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். அத்தான் பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து பிரீசரைத் திறந்து, கீழ்த்தட்டில் ஒரு பெட்டி குறைவதைக் கண்ட அக்காவுக்கு எல்லாம் விளங்கியது. நான் போய் உண்மையைச் சொல்கிறேன் என்று எழும்பினேன்.

"நீ வாயைத் திறக்கக் கூடாது, சுசீலா. அவர்தான் சொல்லோணும்" என்றாள்.

அவர் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒரு மாதத்தில் கொமூன் அனுமதிக் கடிதமும் பெரிய அட்டைப் பெட்டியில் மெசினும் வந்தன. மூன்று வருடமாகக் கிடைக்காதது, குற்றம் நெஞ்சைக் குத்தியதும் ஒரு மாதத்தில் கிடைத்துவிட்டது.

"உனக்காகத்தான் வாங்கினனான். நாளைக்குப் பிளம்பர் வாறார்" என்று பல்லிளித்தார்.

"பிளம்பரை மறிச்சுவிடுங்கோ. கோயிலிலை எல்லாருக்கும் முன்னாலை நடந்ததைச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு இதைப் பற்றிக் கதைப்பம்."

கத்தினார், கதவை அடித்துச் சாத்தினார், பத்து நாள் பேசாமல் இருந்தார். அக்கா அசையவில்லை. மீனும் சமைக்கவில்லை. அஞ்சாவது சனிக்கிழமை பருப்போடு தட்டை வைத்தபோதுதான் ஆள் இறங்கி வந்தார்.

அடுத்த வெள்ளி பூசை முடிந்ததும் எழும்பி நின்று, "திருவிழா அண்டைக்கு எங்கடை வீட்டாலை ஒரு பிழை நடந்துபோச்சு" என்று இழுத்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. "வீடு பெட்டி தூக்கிறேல்லை. ஆர் கொண்டுவந்தது எண்டு சொல்லுங்கோ."

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அத்தானின் நெற்றியில் திருநீறு வேர்வையில் கரைந்தது.

"நான்தான். அவ மூண்டு எண்டவ. நான் பாராமல் நாலு கொண்டுவந்தனான்."

சுஜாந்தினி எழும்பி வந்து அக்காவின் கையைப் பிடித்து மடப்பள்ளிக்குக் கூட்டிப்போனாள். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் கத்தியோடு அட்டைப் பெட்டிக்கு முன்னால் குந்தினார். "இனி உடைக்கலாம்தானே?"

"வேண்டாம், திருப்பி அனுப்புங்கோ" என்றாள் அக்கா. "இனிக் கழிவு போட ஆள் இருக்கு, நீங்கள்தான்."

போன சனிக்கிழமை அங்கே சாப்பிடப் போனேன். ஐஸ் எடுக்கப் பிரீசரைத் திறந்தால் மேல்தட்டுப் பெட்டிகளின் மூடியில் 'தேங்காய்ப்பூ' என்று எழுதி ஒட்டியிருந்தது. கீழ்த்தட்டில் மீன் கழிவுப் பெட்டி. அதன் மூடியில், கறுப்பு மையில், பெரிய எழுத்தில், 'கோணேசன்'.