தலைக்கட்டுக்கு ஒரு ஆள்

எங்கள் லைன் வீடுகளில் ஒரு சாவு விழுந்தால் தலைக்கட்டுக்கு ஒரு ஆள் குழி வெட்டப் போகவேண்டும். கட்டபெட்டு பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டுக்கு நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அதுதான் கட்டுப்பாடு. ஆள் அனுப்பாத வீட்டுச் சாவுக்கு யாரும் மண்வெட்டி எடுக்கமாட்டார்கள். வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு என் வீட்டில் மிஞ்சியது நானும் மகளும் படுக்கையில் கிடந்த மாமியாரும்தான். ஆம்பளை இல்லாத வீடு தலைக்கட்டு ஆகாது என்று லைன் தலைவர் எங்களை விட்டுவிட்டார். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. கோயில் கூட்டத்துக்குச் சொல்ல வருகிறவர் எங்கள் கதவைத் தட்டாமல் போனார், அவ்வளவுதான்.

கூட்டத்துக்குப் போய் நான் என்ன கிழிக்கப்போகிறேன் என்று சும்மா இருந்தேன். மாமியாரால் அப்படி இருக்க முடியவில்லை. என் வீட்டுக்காரரைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு சிலோனிலிருந்து கப்பலேறி வந்த மனுஷி. சாவதற்குப் பயமில்லை, அநாதைப் பிணமாகக் கிடப்போமோ என்றுதான் பயம். கஞ்சி ஊட்டும்போதெல்லாம் அதே கேள்வி.

"பிள்ள, என்னைய யாரு தூக்குவா?"

கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. முதலில் செத்துக் காட்டுங்கள், பிறகு பார்ப்போம் என்று ஒருநாள் கத்திவிட்டேன். அன்று முழுக்க அவர் கஞ்சி குடிக்கவில்லை. பாவி, என்ன வார்த்தை சொல்லிவிட்டேன்.

அந்த ஐப்பசியில் நாலாவது வீட்டுப் பெரியவர் இறந்தார். விடிந்ததிலிருந்து மழை. வீட்டுக்காரரின் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மண்வெட்டியோடு மயானத்துக்கு நடந்தேன்.

தலைவர் வழியை மறித்தார். பெண்கள் மயானத்துக்கு வந்தால் ஊருக்கு ஆகாதாம். தேயிலைக் காட்டில் இருபது வருஷமாக வடிகால் வெட்டுகிறேனே, அது மட்டும் எஸ்டேட்டுக்கு ஆகுமா?

"என் ஊட்டுக்கு நான்தானுங்க ஆளு. வெட்டாம போகமாட்டேன்" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு? குழிக்குள் இறங்கிவிட்டேன். மண் ஈரமாக இருந்தாலும் சில்வர் ஓக் மரத்து வேர்கள் மண்வெட்டிக்கு வழி விடவில்லை. உள்ளங்கை கொப்புளித்தது. ஆண்கள் ஆள் மாற்றி ஆள் இறங்கினார்கள், நான் இடுப்பளவு ஆழம் வரை மேலே ஏறவில்லை. சபாஷ் என்று எவரும் சொல்லவில்லை. பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்தவர் மட்டும் எனக்கு இடம் கொடுத்துத் தள்ளி நின்றார்.

ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம் பேசினார்கள். ஒருத்தி என்னோடு கொழுந்தெடுக்கவே வரமாட்டேன் என்றாள். பேசட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்து வந்த சாவுக்கும் போனேன். அப்போதும் கூட்டத்துக்கு யாரும் எங்களை அழைக்கவில்லை.

பங்குனியில் ஒரு காலை மாமியார் போய்ச் சேர்ந்தார். குளிப்பாட்டிக் கிடத்திவிட்டு வாசலைப் பார்த்து நின்றேன். பனிமூட்டத்தில் அடுத்த வீடுகூடத் தெரியவில்லை. யாரும் வராவிட்டால் நானும் மகளும் வெட்டுவோம், நாங்களே தூக்குவோம் என்று மண்வெட்டியைக் கையில் எடுத்தும் விட்டேன். அப்போது முதல் ஆள் வந்தார். பின்னாலேயே ஒவ்வொருவராக, வீட்டுக்கு ஒரு மண்வெட்டி. தலைவர் கடைசியாக வந்தார்.

மதியத்துக்குள் கோயம்புத்தூரிலிருந்து வீட்டுக்காரரின் சித்தப்பா மகனும் வந்து, தோளில் துண்டோடு முன்னால் நின்றுகொண்டார். உடலைத் தூக்கும்முன் அந்த வீட்டுத் தலைக்கட்டு ஆளிடம் அனுமதி கேட்பது வழக்கம். எல்லோரும் சித்தப்பா மகனைத்தான் பார்த்தார்கள். லைன் தலைவர் அவரை விலக்கிவிட்டு என் முன்னால் வந்து நின்றார்.

"தூக்கலாமுங்களா?"

"தூக்குங்க" என்றேன். வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.