தலைக்கயிறு

மார்சலி என்றதும் எனக்கு அவள் தோள்தான் நினைவுக்கு வரும். போர்க்காலத்தில் எங்கள் ஸ்காட்லாந்து மலைக்காட்டில் மரம் வெட்டிய பெண்களில் அவள் ஒருத்தி, நான் இன்னொருத்தி. ஆண்கள் சண்டைக்குப் போய்விட்டார்கள். சுரங்கக் கூரைகளைத் தாங்கும் முட்டுக்கட்டைகளை அறுத்துச் சுமந்தது நாங்கள்தான்.

அந்த மார்ச்சில் அவள் அப்பா எக்கன் செத்துப்போனார். அவள் ஒரே பிள்ளை. இடுகாடு நாலு மைல் மேட்டில். ஊரில் மிச்சமிருந்த கிழவர்களுக்குப் பெட்டியைத் தூக்கி இருபது அடி நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. கடைசியில் ஆறு பெண்கள் தோள் கொடுத்தோம். சபை மூப்பர் டார்க்கில் கையை வீசிக்கொண்டு பின்னால் வந்தார்.

இடுகாட்டு வாசலில் மறித்தார்.

"போதும்மா, எறக்கி வைங்க. பொம்பளைங்க இதுக்கு மேல வரக்கூடாது."

"அப்பாவோட தலைக்கயிறு என்னுது, மூப்பரே. பெட்டியோட தலைமாட்டுக் கயிறு பெத்த பிள்ளைக்குத்தான். நான்தான் பிடிச்சுக் குழியில எறக்கணும்."

"கயிறு பிடிக்கிறது ஆம்பளை வேலை."

"நாலு மைல் தூக்குறப்ப நான் பொம்பளைன்னு தெரியலையா?"

"அதுக்கென்ன, குதிரை மாதிரி நல்லாத்தான் தூக்குன."

கிழவர்கள் சிரித்தார்கள். தலைக்கயிறு ஒரு தூரத்து உறவுக்காரனுக்குப் போனது. பத்து வருஷமாக எக்கனை எட்டிப் பார்க்காதவன். அவன் மேல் விஸ்கி நாற்றம். கயிறு உறுத்துமென்று கையுறை வேறு மாட்டிக்கொண்டான், த்தூ! மார்சலி வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள். நானும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன்; அதற்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

அடுத்த பிப்ரவரியில் மூப்பரே போய்ச்சேர்ந்தார். முழங்கால் அளவு பனி. அதே கிழவர்கள் கொஞ்சமும் கூச்சமில்லாமல், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் மரம்வெட்டும் முகாமுக்கு வந்து, பெட்டியைத் தூக்கித் தரச்சொல்லிக் கேட்டார்கள்.

முடியாது என்றோம். மார்சலிதான், "தூக்கலாம், வாங்கடி" என்றாள். நாலு மைலும் அவளைத் திட்டிக்கொண்டே நடந்தேன்.

வாசலில் பெட்டியைப் பனிமேல் இறக்க வைத்தாள்.

"உள்ள கொண்டாம்மா, குழி மேட்டுல இருக்கு," என்றார் ஒரு கிழவர். "இந்தத் தடவை யாரும் ஒண்ணும் சொல்லமாட்டோம்."

"நீங்க சொல்லமாட்டீங்க. இவரு சொல்லியிருக்காரே." மார்சலி பெட்டி மூடியைத் தட்டினாள். "பொம்பளைங்க இதுக்கு மேல வரக்கூடாதாம்."

சொல்லிவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு இறங்கி நடந்தாள், திரும்பியே பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அந்தக் கையுறைக்காரன் கூட்டத்திலிருந்து முதல் ஆளாக நழுவிக்கொண்டிருந்தான்.