பங்கு பேசிய ஞாயிறு

எழுபதுகளின் நடுவில் மேற்கு ஜெர்மனியின் எர்லாங்கனில் நாங்கள் எட்டுப் பேர் ஒரு குளிர்காலம் முழுக்க ரம்மி ஆடினோம். ஏழு பேர் ஒரே மின்னணுக் கம்பெனியில் இன்ஜினியர்கள். எட்டாமவர் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சிக்கு வந்திருந்த நாகர்கோவில்காரர். எங்கள் ஆட்டத்தில் அந்த வருஷம்தான் புதிதாகச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது, ஆணி அடிக்கக் கூடாது, மாடிப்படியில் வேகமாக இறங்கினாலே கீழ்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து பார்ப்பாள். சத்தமில்லாமல் செய்யக்கூடிய பாவம் சீட்டு ஒன்றுதான். அதையும் மேஜைமேல் கம்பளி விரித்துத்தான் செய்தோம்.

ஆளுக்கு முந்நூற்றைம்பது மார்க். மொத்தம் இரண்டாயிரத்து எண்ணூறும் லெப்கூகன் என்ற கிறிஸ்துமஸ் பிஸ்கட் டப்பா ஒன்றில் இருந்தது. மெட்ராஸுக்குப் போய்வர விமான டிக்கெட் கிட்டத்தட்ட அந்த விலைதான் என்பதால் டப்பாவுக்கே டிக்கெட் என்று பெயர். ஆட்டம் எளியது. தோற்றவர் கையில் இருக்கும் சீட்டின் புள்ளி அவர் கணக்கில் ஏறும். ஒன்றுமே சேராவிட்டால் முழு அடி, எண்பது. சீட்டு மோசம் என்று முதலிலேயே தோன்றினால் இருபது புள்ளியை வாங்கிக்கொண்டு கையைக் கீழே வைத்துவிடலாம், அது டிராப். ஆயிரத்தைத் தாண்டியவர் வெளியே. கடைசியில் நிற்பவருக்கு டப்பா.

கடைசி ஆட்டம் வரை யாரும் ஆடுவதில்லை. இரண்டு மூன்று பேர் மிஞ்சியதும் பங்கு பேச ஆரம்பித்துவிடுவோம். யார் இன்னும் எத்தனை டிராப் தாங்குவாரோ அந்த விகிதத்தில் பிரிப்பது நியாயம். ஆனால் நியாயத்தோடு நிறுத்தினால் அதற்குப் பெயர் பேச்சா? பின்தங்கியவர் தன் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும், அதுவும் உருக்கமாக. கணக்கெழுதும் கோயம்புத்தூர்காரரின் தங்கைக்கு இப்படி மூன்று முறை கல்யாணம் நடந்திருக்கிறது, மூன்று முறையும் வேறு வேறு மாப்பிள்ளை. இன்னொருவர் வீட்டுக் கூரை வருஷாவருஷம் புயலில் பறக்கும், அவர் ஊரில் மழையே பெய்யாது. கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். கதை நன்றாக இருந்தால் ஐம்பது நூறு கூட்டிக் கொடுப்பார்கள். அந்தக் கதைகளை யாரும் நம்பியதில்லை. இதை நாகர்கோவில்காரருக்கு யாரும் சொல்லவில்லை. முதல் வருஷக்காரரிடம் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிப்ரவரி மாத ஞாயிறு ஒன்றில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவரும் நானும் மட்டும் மிஞ்சினோம். அவர் அறுநூற்று நாற்பது. நான் தொள்ளாயிரத்து இருபத்தைந்து.

"அவருக்குப் பதினெட்டு டிராப் இருக்குதுங்க, உங்களுக்கு மூணு" என்றார் கோயம்புத்தூர்காரர் பென்சிலைக் காதில் செருகியபடி. "ஏழுல ஒரு பங்கு. நானூறு மார்க். வாங்கிட்டு எந்திரிங்க."

நாகர்கோவில்காரர் உடனே தலையாட்டினார். அவருக்கு ஊரில் பதினான்கு மாத மகள் இருந்தாள். அவர் இங்கே வந்தபின் பிறந்த குழந்தை, பார்த்ததில்லை. உதவித்தொகையில் பாதி ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் கெஞ்சிக் கேட்டபின்தான் பேராசிரியர் மார்ச்சில் ஐந்து வாரம் விடுப்புக் கொடுத்திருந்தார், அதைத் தள்ளிப்போட முடியாது. டப்பாவில் ஏழில் ஆறு வந்தால் மிச்சத்தை எப்படியாவது போட்டுக்கொள்ளலாம் என்று அவர் கணக்கு. இதெல்லாம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். பங்கு கேட்பதற்காகச் சொன்னதல்ல, போட்டியில் சேரும்போதே வெள்ளந்தியாகச் சொல்லியிருந்தார்.

எனக்கு என்ன கஷ்டம்? கடைத்தெருவில் ஒரு டேப் ரெக்கார்டர் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு மாதமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பாதித் தொகை வந்தால் வாங்கிவிடலாம்.

"பாதி கொடுங்க" என்றேன்.

"ஐயோ, அதெப்படி?"

நான் குரலைத் தாழ்த்தினேன். கும்பகோணத்தில் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்றேன். தம்பியின் கடிதம் வந்திருக்கிறது, டாக்டர் நாள் குறித்துவிட்டார் என்றேன். கடைசியாக, "என்னைப் பாக்கணும்னு சொல்றாராம்" என்று முடித்தேன். அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. இவ்வளவு நல்ல வாக்கியத்தை அதற்கு முன்போ பின்போ நான் அமைத்ததில்லை.

மேஜையைச் சுற்றி எல்லோரும் மரபுப்படி உச்சுக்கொட்டினார்கள். ஒருவர் என் தொடையைத் தட்டி, "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று முணுமுணுத்தார். நாகர்கோவில்காரர் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார்.

"பாதி வெச்சு என்ன செய்வீங்க? டிக்கெட்டு கிடைக்குமா?" என்றார். டப்பாவை என் பக்கம் தள்ளினார். "எல்லாத்தையும் எடுத்துக்கிடுங்க சார். மொதல்ல போய் அப்பாவப் பாருங்க. எனக்க பிள்ள எங்கயும் போகாது."

 மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்களா, வேறு எதையாவதா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. கோயம்புத்தூர்காரர் மட்டும் காதிலிருந்து பென்சிலை எடுத்து, எழுத ஒன்றும் இல்லாததால், மறுபடி செருகிக்கொண்டார். நான் அப்போதே சொல்லியிருக்கலாம். ஆறு பேர் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டேப் ரெக்கார்டர் அல்லாமல் அதற்கு மேலே ஒரு ஒலிபெருக்கியும் வாங்கலாமே என்று ஒரு கணம் நினைத்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன், இங்கே மறைத்து என்ன ஆகப்போகிறது.

திங்களன்று அப்பாவின் கடிதம் வந்தது. நகராட்சிக்காரன் வாசலில் தோண்டிய குழியை மூடாமல் போனதைப் பற்றி மூன்று பக்கம். இதய நோயாளியின் கையெழுத்து அல்ல அது. எதிராளியின் இதயத்துக்குத்தான் ஆபத்து.

செவ்வாய் மாலை நாகர்கோவில்காரர் பனியில் சைக்கிள் மிதித்து என் அறைக்கு வந்தார். கையுறையைக் கழற்றாமலே சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் இதய டாக்டர் ஒருவரைப் பிடித்துப் பேசியிருக்கிறார்.

"டாக்டர் கேக்காரு, வலி இடது கையில எறங்குதா?"

"இறங்குதுன்னு எழுதியிருக்கான்" என்றேன்.

"படி ஏறினா மூச்சு வாங்குதா?"

"வாங்குது."

ஜெர்மனில் கவனமாகக் குறித்துக்கொண்டார். என் அப்பா குழியைத் தாண்டிக் குதித்துக் காய்கறிக் கடைக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் எர்லாங்கனில் அவருக்கு ஒவ்வொரு உறுப்பாக நான் நோயை அனுப்பிக்கொண்டிருந்தேன்.

"எனக்க வீட்டுக்காரிக்கு லெட்டர் போட்டாச்சு" என்றார் எழுந்தபடி. "இப்பம் வரல, ஒங்களுக்க அப்பாவுக்காக ஜெபம் பண்ணுன்னு. அவ வெள்ளிக்கிழம சாப்பிட மாட்டா, ஒங்க அப்பா பேருல உபவாசம் இருப்பா. நீங்க எப்பம் பொறப்படுறீங்க?"

நான் மேஜைமேல் இருந்த டப்பாவைப் பார்த்தேன். பயணத்தில் இருக்கும் மனசு என்று எடுத்துக்கொண்டு, தோளைத் தொட்டுவிட்டு இறங்கிப் போனார்.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுச் செருப்போடு ஓடினேன். கீழ்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து பார்த்தாள். அவர் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். பனியில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், பங்குப் பேச்சின் வழக்கத்தையும், கோயம்புத்தூர்காரரின் தங்கையையும், பறக்கும் கூரையையும். வழக்கத்தை விளக்கினால் என் குற்றம் ஏழில் ஒரு பங்காகக் குறையும் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

அவர் திறந்த பூட்டை மறுபடி பூட்டினார்.

"அப்பம் நெஞ்சுவலி?"

"இல்லை."

"எல்லாவனுக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"நான் டப்பாவத் தள்ளும்போ எல்லாவனும் பாத்துட்டுத்தான் இருந்தான்?"

தலையாட்டினேன். டப்பாவை வாங்கி சைக்கிள் கேரியரில் வைத்துத் திறந்தார். நான்கு நூறு மார்க் நோட்டுகளை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இது ஒங்களுக்க மூணு டிராப்."

"வேண்டாம் சார், எல்லாம் உங்களுக்குத்தான்."

"பிடியுங்க. தானம் வாங்க வரல நான்."

வாங்கிக்கொண்டேன். முந்நூற்றைம்பது போட்டு நானூறு எடுத்தேன், கணக்குப்படி எனக்கு ஐம்பது மார்க் லாபம்.

"வீட்டுக்காரிக்கு நான் இதை எழுத மாட்டேன்" என்றார். டாக்டரின் கேள்விகள் இருந்த தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் நாகர்கோவில் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். "நீங்களே எழுதணும். பொய்யில்லாம."

ஐந்து நாள் எழுதினேன். முதல் கடிதத்தில் அப்பா ஜெபத்தால் குணமாகிவிட்டார், படித்ததும் கிழித்தேன். இரண்டாவதில் என்னைப் பற்றிய நகைச்சுவை அதிகம். மூன்றாவதில் அழுகை அதிகம், அதுவும் நன்றாகவே வந்திருந்தது, அதனாலேயே பயந்துபோய்க் கிழித்தேன். கடைசியில் தபாலில் போட்டது நான்கு வரி. என் அப்பா நலமாக இருக்கிறார், எப்போதும் நலமாகத்தான் இருந்தார், டேப் ரெக்கார்டர் வாங்குவதற்காகப் பொய் சொன்னேன், உங்கள் கணவர் வருகிறார். பதில் வரவில்லை. அவர் யாரிடம் கடன் வாங்கி நானூறை நிரப்பினார் என்பதும் தெரியவில்லை. கோயம்புத்தூர்காரரிடம் கேட்டேன். "அதை உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டாருங்க" என்றார்.

மார்ச்சில் போனார், ஏப்ரலில் வந்தார். வந்த ஞாயிறு கம்பளி விரித்த மேஜைக்கு நேந்திரங்காய்ச் சிப்ஸோடு வந்து எல்லோருக்கும் கொடுத்தார், எனக்கும். மகள் முதல் நான்கு நாள் அவரிடம் வரவே இல்லையாம், ஐந்தாம் நாள் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாளாம். எல்லோரும் சிரித்தார்கள். சட்டைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். அது கோயம்புத்தூர்காரரிடமிருந்து கைமாறிக் கைமாறி மேஜையைச் சுற்றி வந்தது. நான் சிப்ஸ் எண்ணெயை வேட்டியில் துடைத்துக்கொண்டு கையைத் தயாராக வைத்திருந்தேன். எனக்கு முந்தினவர் பார்த்து முடித்ததும் நாகர்கோவில்காரர் மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டி, கோபம் ஒன்றும் இல்லாத முகத்தோடு, அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.