இரண்டு விதிப்புத்தகங்கள்

கப்பலில் வேலை பார்த்த என் மச்சான் அந்த முறை லீவில் வந்தபோது, எனக்கும் தன் தங்கையான மச்சாளுக்குமாக இரண்டு ஆங்கிலப் புத்தகங்கள் கொண்டுவந்தார். இரண்டும் கதை விளையாட்டுக்கான விதிப்புத்தகங்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் செய்வதை வாயால் சொல்ல வேண்டும். வாள் பட்டதா, பூட்டுத் திறந்ததா என்பதைத் தாயக்கட்டை போன்ற ஒரு கட்டையை உருட்டிப் பார்ப்பது. தடித்த புத்தகத்துக்கு இருபது முகக் கட்டை வேண்டும். மட்டக்களப்பில் அதற்கு எங்கே போவது? புளியங்கொட்டைகளில் இலக்கம் எழுதி, பால்மாத் தகரப் பேணிக்குள் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுத்தோம்.

பகலிலும் ஊரடங்குச் சட்டம் போட்ட நாட்கள் அவை. நான் கணக்கு டியூசன் கொடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் வரமுடியாத நாட்களில் பின்வேலியில் ஓட்டையாய் இருந்த பொட்டுக்குள்ளால் அவர்கள் இருந்த மாமி வீட்டுக்குப் போய்விடுவேன்.

தடித்த புத்தகத்தில் எல்லாவற்றுக்கும் அட்டவணை. மதில் ஏற ஒன்று, குதிரையில் இருந்து விழ ஒன்று. ஒரு சண்டை முடிவதற்குள் மத்தியானச் சோறு ஆறிவிடும். அதைவிட எனக்கு எரிச்சல் மூட்டியது, உயிருக்கு அவர்கள் போட்ட இலக்கம். நாற்பது புள்ளி உள்ளவன் நாலு வெட்டு வாங்கிய பிறகும் முன்போலவே ஓடுவான். கடைசிப் புள்ளி போகும்வரை கால்கூட நொண்டாது. ஒற்றைத் துப்பாக்கிச் சன்னத்துக்கு ஒரு மனிதர் எங்கள் ஒழுங்கையில் எப்படி விழுந்தார் என்று கண்டவள் நான். இந்தப் பொய்யை எழுதியவன் எந்த ஊரில் இருந்து எழுதினானோ என்று வரும் கோபம்.

மெல்லிய புத்தகத்துக்குச் சாதாரண லூடோக் கட்டை போதும். கெட்டித்தனமாகப் பேசினால் சண்டையே இல்லாமல் தப்பலாம். ஒரு காயமே ஆளை முடக்கிவிடும். மச்சாளுக்கு அதுதான் பிடித்தது. ஆனால் அதில் எழுதியிருந்தது கொஞ்சம்தான். எழுதாத இடமெல்லாம் நடத்துகிறவர் வைத்ததே சட்டம்.

ஒருநாள் காலை இராணுவச் சோதனைச் சாவடியில் என் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு வெயிலில் நிறுத்தினார்கள். காரணம் கேட்டேன். "நில்" என்றான் ஒருவன். வேறு பதில் இல்லை. அன்று பின்நேரம் மெல்லிய புத்தகத்தில் விளையாடினோம். மச்சான் கதையை நடத்தினார். நான் ஒரு வியாபாரி. அரசன் கொடுத்த கடிதத்தோடு நகர வாசலுக்கு வந்திருந்தேன்.

"காவல்காரன் விடமாட்டான்" என்றார் மச்சான்.

"ராசாட கடிதம் கையில இரிக்கி."

"இரிந்தாலும் விடமாட்டான்."

"ஏன்?"

"நான் சொல்றன், அதான்."

"எந்தப் பக்கத்துல கிடக்கு அது?"

"இதுல அப்படியெல்லாம் எழுதல்ல. அதுதான் இந்தப் புத்தகத்துட நல்லது."

கட்டையை முற்றத்தில் எறிந்துவிட்டு எழுந்தேன்.

"இரி கா, விளையாட்டுத்தானே" என்று மச்சாள் என் கையைப் பிடித்தாள்.

"விளையாட்டெண்டா காரணம் சொல்லட்டும். காலையிலயும் இதைத்தான் கேட்டுட்டு வந்தனான்."

மச்சானின் முகம் மாறிவிட்டது. "சரி, இனித் தடிச்சதையே எடுப்பம்" என்றார். அதற்காகச் சதுரக்கோட்டுக் கொப்பி ஒன்றில் ஒரு கோட்டையை வரையத் தொடங்கினார். வாசல்கள், காவல் நிற்கும் இடங்கள், பக்கத்தில் ஆயுதப் பட்டியல்.

அடுத்து இராணுவம் ஊரைச் சுற்றிவளைத்து வீடு வீடாகத் தேடியபோது அந்தக் கொப்பி அகப்பட்டது. எந்த முகாமின் படம் என்று கேட்டு மச்சானை முற்றத்திலேயே அடித்தார்கள். பிறகு ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் நானும் மச்சாளும் புத்தகங்களையும் பேணியையும் எடுத்துக்கொண்டு முகாம் வாசலுக்குப் போனோம். மூன்றாம் நாள்தான் உள்ளே விட்டார்கள். அதிகாரிக்கு நல்ல ஆங்கிலம் தெரிந்திருந்தது. மெல்லிய புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "இதில் ஒன்றுமே இல்லையே" என்று தள்ளி வைத்தார். தடித்ததை நெடுநேரம் பார்த்தார்.

"விளையாட்டு என்றால் விளையாடிக் காட்டுங்கள்" என்றார்.

மச்சானைக் கொண்டுவந்து எங்கள் முன் இருத்தினார்கள். ஒரு கண் மூடியிருந்தது. கீழுதடு பிளந்து வீங்கி, சொல் சரியாக வெளிவரவில்லை. அந்த வாயால் அவர் கோட்டை வாசலில் நிற்கும் பூதத்தை வர்ணித்தார். மச்சாள் அழுதுகொண்டே பேணியைக் குலுக்கினாள். நான் வாள் வீசினேன். "இது எங்கே இருக்கிறது?" என்று அதிகாரி கேட்ட ஒவ்வொரு முறையும் பக்கத்தைப் புரட்டி விரலை வைத்துக் காட்டினேன். கொப்பியில் இருந்த ஆயுதப் பட்டியலும் அச்சில் அப்படியே இருந்தது.

பூதம் என்னை நாலாவது தடவை அடித்தபோது அவர் சிரித்தார். "இத்தனை அடி வாங்கியும் எப்படி நிற்கிறாய்?"

மச்சானைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். "அப்படித்தான் எழுதியிருக்கிறது" என்றேன். அந்தப் பதிலைச் சொன்ன என் நாக்கின் மேல் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

"நல்ல விளையாட்டு" என்று சொல்லி இரண்டு புத்தகங்களையும் எடுத்துக்கொண்டார். அன்று பின்நேரமே மச்சானை விட்டார்கள்.

வீடு வந்து சேர்ந்ததும் அயலில் உள்ளவர்கள் கூடினார்கள். "அந்த ஆமிப் பெரியவன் நல்ல மனிசன் கா, விட்டுட்டான்" என்றாள் ஒரு பெண். அவளைப் படலைக்கு வெளியே போகச் சொன்னேன். மாமி என்னை ஏசினா. நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

மச்சான் கப்பலுக்குத் திரும்புமுன் ஒருநாள் சொன்னார், "மெல்லிசிலயெண்டா நான் வேற கதை சொல்லி அவன மடக்கியிரிப்பன்."

"உங்கட வாயில ஒரு சொல்லு ஒழுங்கா வரல்ல, மச்சான்."

பிறகு அவர் எவரோடும் அந்த விளையாட்டை விளையாடியதில்லை.

தடித்த புத்தகம்தான் அவரைக் காப்பாற்றியது என்று பல வருடம் நானும் சொல்லித் திரிந்தேன். வரி வரியாக விரல் வைத்துக் காட்டினேனே என்று ஒரு பெருமை. இப்போது அதைச் சொல்ல வாய் வருவதில்லை. அத்தனை வரியையும் காட்டிய பிறகும் அந்த அதிகாரி "இல்லை" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், ஏன் என்று கேட்க அங்கே எனக்கு ஒரு பக்கமும் இருக்கவில்லை. அவருக்கு அன்று பொழுது போகவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.