ஜானட் நல்லபடியாக இறங்க

இராயபுரத்து டோரதிக்கு நாற்பது வயது. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட்டில் உட்கார்ந்து, உள்ளே வரும் டிரெய்லர்களின் சீல் நம்பரைச் சரிபார்ப்பது அவள் வேலை. நல்ல வேலைதான். ஆனால் அதைப் பற்றி வீட்டில் யாரும் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. பெருமைக்கென்று தங்கை ஜானட் இருந்தாள்.

ஜானட் மாலத்தீவில் சின்ன விமானம் ஓட்டுகிறாள். தீவுகளில் இறக்க வேண்டும். தீவு என்றதும் ஏதோ பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓடுபாதையின் இந்த முனையிலும் கடல், அந்த முனையிலும் கடல். பாதை தொடங்கும் இடத்திலேயே சக்கரம் தொட்டாக வேண்டும். தள்ளித் தொட்டால் எவ்வளவு பிரேக் பிடித்தாலும் பாதை போதாது. சந்தேகம் வந்தவுடனே மறுபடி மேலே தூக்கிச் சுற்றி வர வேண்டும். டோரதிக்கு இதெல்லாம் மனப்பாடம். ஜானட் தீவில் இறக்கும் வீடியோ ஒன்றை அம்மா ஃபிலோமினா பால்காரர் முதல் பங்குச் சாமியார் வரை எல்லோருக்கும் காட்டி விளக்கும்போது பக்கத்தில் நின்று கேட்டே மனப்பாடம் ஆனது.

வயிறு எரிந்தது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? ஜானட்டுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்ததே டோரதிதான். மாடிப்படி இறங்கப் பயந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவள் ஜானட். துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா கபிரியேல் திடீரென்று இறந்துபோன வருஷம், மூத்தவள் வேலைக்குப் போனாள், இளையவள் படிக்கப் போனாள். இப்போது இளையவள் ஊருக்கு வந்தால் வீட்டில் வஞ்சிரம் வறுபடுகிறது. மற்ற நாளெல்லாம் நெத்திலி.

இந்த எரிச்சலில் எண்ணெய் ஊற்ற இன்னொன்றும் இருந்தது. சனிக்கிழமைதோறும் கோயிலில் பூசையில் யாருக்காக வேண்ட வேண்டும் என்று பெயர் கொடுப்பது டோரதியின் பொறுப்பு. ஜானட் நல்லபடியாக இறங்க வேண்டும் என்று பீடத்திலிருந்து வாசிப்பார்கள். கோயிலே திரும்பி அம்மாவைப் பார்த்துச் சிரிக்கும்.

ஒரு சனிக்கிழமை யார்டு மேனேஜரின் போனுக்கும் வீடியோ வந்துவிட்டது. இவள் உன் கூடப் பிறந்தவளா, அப்படியானால் நீ ஏம்மா இந்தப் புழுதியில் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டார். பாராட்டாகத்தான் கேட்டார். டிரெய்லர்களுக்குப் பின்னால் ஊர்ந்த பேருந்தில் நின்றபடி டோரதி வழியெல்லாம் அதையே மென்றுகொண்டு வந்தாள்.

பெயர்களை எழுதிக்கொள்ளும் கோயில்பிள்ளை ஆண்ட்ரூ மீஞ்சூரிலிருந்து புதிதாக வந்தவர். யார் வீட்டில் யார் என்று இன்னும் அவருக்குப் பிடிபடவில்லை. அன்று அப்பாவின் நினைவு நாளும் கூட. டோரதி இரண்டு பெயரையும் ஒரே மூச்சில் சொன்னாள்: கபிரியேல், ஜானட்.

“ரெண்டு பேருக்குமே ஆத்ம இளைப்பாற்றிதானேம்மா?” என்று கேட்டார் அவர்.

இறந்தவர்களுக்குச் சொல்லும் அந்த வார்த்தை அவள் காதில் நன்றாகவே விழுந்தது. “ம்” என்றாள்.

பூசையில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தபோது கபிரியேலுக்கு அடுத்து ஜானட் வந்தாள். முன்வரிசைப் பெண்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அம்மாவின் கையிலிருந்த ஜெபமாலை கீழே விழுந்தது. அந்த நொடி டோரதியின் வயிற்றில் எரிச்சல் அடங்கிக் குளிர்ந்தது. அடுத்த நொடியே அந்தக் குளிர்ச்சிக்குப் பயந்து, குனிந்து ஜெபமாலையைத் தேடி எடுத்தாள்.

தவறாகிவிட்டது என்று ஆண்ட்ரூ கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அம்மாவின் மனம் ஆறவில்லை.

“பீடத்துல வந்த வார்த்தைடி, சும்மா வருமா? எம்பொண்ணுக்கு இன்னா ஆச்சோ.”

ஜானட்டின் போன் அணைந்திருந்தது. ஓட்டும்போது அணைத்துத்தான் வைப்பாள். அது தெரிந்தும் தெருவே வீட்டில் கூடிவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. யாரோ டீ போட்டார்கள். யாரோ ஜானட்டின் சின்ன வயதுக் குறும்புகளைச் சொல்லி அழுதார்கள். டோரதி மூலையில் நின்று போனை அழுத்திக்கொண்டே, அவளைப் பத்திரமாக இறக்கிவிடு ஆண்டவரே என்று கெஞ்சினாள். உண்மையாகத்தான் கெஞ்சினாள். கெஞ்சும்போதே, என் பெயரை வாசித்திருந்தால் இத்தனை நாற்காலி வந்திருக்குமா என்றும் மனம் கேட்டது.

ஒருவழியாக ஜானட்டே கூப்பிட்டாள். பக்கக் காற்று பலமாக அடித்ததாம். முதல் தடவை தொட வேண்டிய இடத்தில் சக்கரம் தொடாததால், மேலே தூக்கிச் சுற்றி வந்து இறக்கினாளாம். அம்மா அழுது முடித்து, கோயிலில் நடந்ததைச் சொன்னாள். அக்காவிடம் கொடு என்றாள் ஜானட். டோரதி போனை எடுத்துக்கொண்டு தனியாக மொட்டைமாடிக்குப் போனாள்.

“அக்கா, மறைக்காம சொல்லு. வேணும்னே குடுத்தியா?”

இல்லை என்று சொல்லத்தான் டோரதி வாயைத் திறந்தாள். அந்தச் சொல் வரவில்லை.

“தெர்லடி” என்றாள்.



“சரி. நாளைக்குக் காலைலயும் அதே தீவுலதான் எறக்கணும். மொதப் பூசைக்கு என் பேரைக் குடு. நீயே குடு. அம்மாவாண்ட இதப்பத்தி எதுவும் சொல்லாத.”

ஜானட்டின் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. டோரதிக்கு அதுவும் பொறாமையாக இருந்தது.