கரிக்கிறது என்றேன்

நான் குடித்த தண்ணீர் இனித்தது. கரிக்கிறது என்று சொன்னேன்.

இவ்வளவுதான் என் குற்றம். கேட்கும்போது உங்களுக்குச் சிரிப்புக்கூட வரலாம். ஒரு வாய்த் தண்ணீர்... ஒரு சொல் பொய்... இதற்காகவா இந்தக் கிழவன் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்துத் தப்பித்துக்கொண்டிருந்தேன். இப்போது தப்பிக்கவும் அலுத்துவிட்டது.

அறுபதுகளில் நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. மனைவியும் கைக்குழந்தையும் சிதம்பரத்தை அடுத்த கீரப்பாளையத்தில், என் சொந்த வீட்டில். சனிக்கிழமை மாலை பஸ் பிடித்துப் போவேன். என்னைக் கண்டதும் குழந்தை வீறிட்டு அழும். மறுநாள் ஒருவாறு பழகி என் மீசையைப் பிடித்து இழுக்கத் தொடங்கும் நேரத்தில் நான் கடலூருக்குக் கிளம்பியாக வேண்டும். சிதம்பரத்துக்கு மாற்றல் கேட்டு மூன்று விண்ணப்பம் எழுதிப் போட்டிருந்தேன். மூன்றுக்கும் பதில் வரவில்லை.

எங்கள் அதிகாரியின் பங்களா அலுவலகத்தை ஒட்டியே இருந்தது. அதன் முன்னால், வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட புல்தரை ஒன்று. நான் பார்த்தபோது அதைப் புல்தரை என்று சொல்ல வாய் வராது! நடுவில் மொட்டை மண், ஓரமெல்லாம் நெருஞ்சி, மிச்சமிருந்த அருகம்புல் காய்ந்து சாம்பல் நிறமாகிக் கிடந்தது. தெருவில் போகிற ஆடுகள் உள்ளே வந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

மாசி முடிகிற சமயம் அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"நீ கீரப்பாளையம்தானே? பச்சப்பசேல்னு இருக்கற வயக்காட்டுல பொறந்தவன். இந்த லானை ஒரு வழி பண்ணு. சித்திரையில மெட்ராஸ்லேர்ந்து பெரியவர் வர்றார். இங்கதான் நாற்காலி போட்டு டீ பார்ட்டி. லான் பச்சையா இருந்துச்சுன்னா உன் டிரான்ஸ்பரைப் பத்தி நானே அவர்கிட்ட பேசறேன்."

எங்கள் ஊரில் புல்லைப் பிடுங்கத்தான் கற்றுத்தருவார்கள். வளர்க்க யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. ஆனாலும் தலையை ஆட்டினேன். குழந்தையின் அழுகை காதில் கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு வேறென்ன செய்யத் தோன்றும்?

பங்களாக் கிணறு அந்தக் கோடையில் சேறாகிவிட்டது. முனிசிபல் குழாய்த் தண்ணீர் சமையலுக்கே இழுபறி. தண்ணீர் சுமக்க ஆள் தேடியபோது கடற்கரைக் குப்பத்திலிருந்து அஞ்சலாட்சி வந்தாள். நாற்பது வயதிருக்கும். அவள் புருஷன் கட்டுமரத்தில் போய்க்கொண்டிருந்தவர், இழுப்பு நோய் கண்டு வீட்டோடு கிடந்தார். அவள் என்னிடம் வாங்கிய கூலியில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் அது அன்றே நன்றாகத் தெரியும்.

குப்பத்துக்குப் பின்னால், சவுக்குத் தோப்பின் ஓரமாக மணலைத் தோண்டினால் ஊற்று சுரக்கும். கடல் கூப்பிடு தூரத்தில்தான். ஆனாலும் அது நல்ல தண்ணீர். குப்பமே அதைத்தான் குடித்தது. கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பி, அரை மைல் நடந்து வருவாள். வெயில் ஏறுவதற்கு முன் சில நடை, வெயில் தாழ்ந்த பிறகு சில நடை. நெருஞ்சியையும் அவளே பிடுங்கினாள். மொட்டை மண்ணைக் கொத்திவிட்டு, ஓரத்துப் புல்லைக் கிள்ளி வந்து ஊன்றினாள். நான் சொல்லிச் செய்ததல்ல. நான் நிழலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபது நாள் இருக்கும். ஒரு காலையில் என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். காய்ந்த புல்லை விரலால் விலக்கிக் காட்டினாள். அடியில் ஊசி ஊசியாகப் பச்சை!

"புல்லு சாவலைங்க ஐயா. வேரு உசுரோடதான் இருக்குது. மெதுவாத்தான் வரும்."

மெதுவாக... எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கவில்லை. பெரியவர் வரப் பத்து நாள்தான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போனேன். என் மனைவியின் தம்பி எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சம்பாவுக்காக அரசாங்க விவசாய டிப்போவில் வாங்கிய அமோனியா உரம் அரை மூட்டை மிச்சம் இருந்தது. அதைக் கேட்டேன்.

"எதுக்கு மாமா?"

"புல்லுக்குடா மச்சான்."

"வயல்ல தண்ணி கட்டிட்டுத்தான் மாமா இத வீசணும். காஞ்ச தரையில ஒரு கை கூட வுட்றாத. கருக்கிப்புடும்."

கேட்டீர்களா? தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை. சின்னவன் அவன், வாய்விட்டுச் சொல்லித்தான் அனுப்பினான்.

ஞாயிறு மத்தியானம் பஸ்ஸிலிருந்து உரச் சாக்கோடு இறங்கினேன். குப்பத்தில் அம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்ததால் ஞாயிறும் திங்களும் வரமுடியாது என்று அஞ்சலாட்சி முன்பே சொல்லியிருந்தாள். அதிகாரி உண்டுவிட்டுப் படுத்திருந்தார். தரை கொதித்தது. வயலில் வீசுகிற பழக்கத்தில், இடுப்பில் கூடையை இடுக்கிக்கொண்டு, அரைவட்டமாகக் கையை வீசி வீசி நடந்தேன். வயலுக்குப் போடுவதில் இரண்டு பங்கு போட்டேன். தண்ணீர்? செவ்வாய்க்கிழமை அவள் வந்து ஊற்றுவாள் என்று நினைத்தேன். அதற்குள் ஒன்றும் ஆகிவிடாது என்று நினைத்தேன். இல்லை... உண்மையைச் சொல்கிறேன்... ஒன்றுமே நினைக்கவில்லை. சிதம்பரத்தை மட்டுமே நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை நான் போனபோது அஞ்சலாட்சி குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஊசிப் பச்சையெல்லாம் தீய்ந்து பழுப்பேறிக் கிடந்தது.

"யாரு கண்ணு பட்டுச்சோ தெரியலிங்களே ஐயா!"

நான் தரையைப் பார்த்தேன். கருகல் ஒரே சீராக இல்லை. பிறை பிறையாக, ஒன்றையடுத்து ஒன்றாக, பங்களா வாசல்வரை போயிருந்தது. என் கை வீசிய வீச்சு அப்படியே தரையில் தெரிந்தது! எங்கள் ஊரில் யாரைக் கூட்டிவந்து காட்டினாலும் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள். ஆனால் அங்கே எங்கள் ஊர்க்காரர் யாரும் இல்லை. அஞ்சலாட்சிக்கு வயல் தெரியாது. அதிகாரிக்கு ஆபீஸ் கோப்புகளைத் தவிர எதுவும் தெரியாது.

"என்னய்யா இது?" என்று அவர் கத்திக்கொண்டே படியிறங்கி வந்தார்.

என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "கடலோர ஊத்துத் தண்ணி சார்... உப்பு ஏறியிருக்கும்போல."

எங்கிருந்து வந்தது அந்தச் சொல்? முதல்நாளே யோசித்து வைத்ததா? இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. ஆனால் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்திவிட்டது பாருங்கள்! கடல், மீனவப் பெண், உப்பு. கேட்டவர் ஒருமுறைகூடச் சந்தேகப்படவில்லை.

அஞ்சலாட்சி பதறிப்போய் எழுந்தாள். "ஐயோ, நாங்க குடிக்கிற தண்ணிங்க அது! எங்க கொழந்தகுட்டி எல்லாம் குடிக்குது. நீங்களே வாயில வுட்டுப் பாருங்க ஐயா!" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு அதிகாரியின் பக்கம் போனாள்.

அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். அந்தக் குடத்திலிருந்து அவர் குடிப்பாரா! என் பக்கம் திரும்பி, "நீ குடிச்சுப் பார்த்துச் சொல்லு" என்றார்.

கையைக் குவித்தேன். அவள் ஊற்றினாள். குடித்தேன்.

இளநீர்போல் இருந்தது. வெயிலில் நின்று வறண்ட நாக்குக்கு அப்படியோர் இனிப்பு. இன்னொரு கை கேட்கலாமா என்றுகூடத் தோன்றியது... முகத்தைச் சுளித்தேன். மிச்சத்தைத் தரையில் உதறினேன்.

"கரிக்குது சார்."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். பொய் சொல்றியே, உருப்படுவியா என்று மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் இன்று நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு தானும் ஒரு கை தண்ணீர் எடுத்துக் குடித்தாள். நாக்கைச் சப்பிப் பார்த்தாள். மறுபடியும் ஒரு கை குடித்தாள்.

"எனக்குத் தெரியலிங்களே ஐயா..." என்றாள் மெல்ல. "உப்புலயே பொறந்து வளந்த நாக்கு. பழகிப்போச்சோ என்னமோ."

நம்பிவிட்டாள்! தன் நாக்கை நம்பாமல் என் நாக்கை நம்பினாள். படித்தவன், பேனா பிடிக்கிறவன், பொய் சொல்ல மாட்டான் என்று...

அன்றே அவளை நிறுத்திவிட்டார்கள். காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "புல்ல கெடுத்துப்புட்டேன், மன்னிச்சிக்குங்க" என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனாள்.

பெரியவர் வந்தார். கருகிய தரைமேல் ஜமுக்காளம் விரித்து நாற்காலி போட்டோம். அவர் ஒருமுறைகூடக் கீழே குனிந்து பார்க்கவில்லை. டீயைக் குடித்தார், கடற்காற்றைப் புகழ்ந்தார், போய்விட்டார். புல்லே தேவைப்படவில்லை! அதிகாரி மனம் குளிர்ந்து, சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். ஆனி பிறப்பதற்குள் நான் சிதம்பரத்தில் இருந்தேன். குழந்தை என்னைக் கண்டு அழுவதை நிறுத்தியது. அதற்குப் பிறகு எனக்கென்ன குறை?

ஐப்பசியில் ஏதோ கோப்போடு மறுபடி கடலூர் போகவேண்டி வந்தது. பத்து நாளாக நல்ல மழை. பங்களா வாசலில் கால் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். புல்தரை முழுக்கப் பச்சை. அவள் சொன்னதுபோல் வேர் சாகவே இல்லை. நான் உரம் வீசிய பிறைகளில் மட்டும் மற்ற இடத்தைவிடக் கரும்பச்சை.

"பாத்தியா?" என்றார் அதிகாரி. "அந்தப் பொம்பளை தண்ணியை நிறுத்தினோம், புல்லு தானா எழுந்துடுச்சு. நீ சொன்னது சரிதான்."

என் பொய்க்கு மழையும் சாட்சி சொல்லிவிட்டது. நான் ஆமாம் சார் என்றேன்.

பஸ்ஸுக்கு நடந்து வரும்போது தெருக்குழாயில் நீண்ட வரிசை. நடுவிலிருந்து யாரோ "ஐயா!" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தார்கள். அஞ்சலாட்சி. இளைத்திருந்தாள். இடுப்பில் அதே குடம்.

"நல்லாருக்கீங்களா ஐயா? கொழந்த நல்லாருக்குதா?"

"ம்... நீ ஏம்மா இவ்ளோ தூரம்? மழக் காலத்துல உங்க ஊத்து..."

"அத நாங்க தொடறதில்லிங்க. ஐயா கரிக்குதுன்னீங்களே! குப்பத்துல மத்தவங்கல்லாம் குடிக்கிறாங்க. சொன்னா கேக்க மாட்டேன்றாங்க. நான் எங்கூட்டுக்காரருக்குக் குடுக்கறதில்ல. அவுருக்கு இழுப்பு ஜாஸ்தியானதே அந்த உப்புத் தண்ணியாலதானோன்னு பயமாப்போச்சு. கருவாடு காயப்போடற எடத்துல கூலிக்குப் போறேன். இங்க வந்து நின்னு ஒரு கொடம் புடிக்கறதுக்குள்ள பாதிக் கூலி போயிடுது."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இப்ப மழ பேஞ்சிடுச்சே, ஊத்து தெளிஞ்சிருக்குமுங்களா? ஒரு தபா வந்து வாயில வுட்டுப் பாத்துச் சொல்றீங்களா ஐயா? இங்கேர்ந்து அர மைலுதான். நீங்க நல்லாருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா எடுத்துக்குவேன்."

ஒரு வார்த்தை! நான் உண்மையைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. போய்க் குடித்துவிட்டு, இப்போது தெளிந்துவிட்டது என்றால் போதும். என் மானமும் மிஞ்சும். அவள் கால்வலியும் தீரும். ஆனால் என்னால் முடியவில்லை. அவள் நீட்டும் தண்ணீருக்கு முன்னால் மறுபடி கையைக் குவித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தபடி அந்த இனிப்பை எப்படி விழுங்குவேன்?

"பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா. அடுத்த தபா வர்றப்ப பாக்கறேன்."

"சரிங்க ஐயா. மறந்துடாதீங்க."

கொஞ்சதூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். என்னிடம் பேச வந்ததில் வரிசையில் அவள் இடம் போய்விட்டது. யாரோ அதட்டினார்கள். கடைசியில் போய் நின்றாள்.

அன்று பஸ் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் நான் பஸ் நிலையத்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அதன்பிறகு எத்தனையோ முறை கடலூர் போயிருக்கிறேன். அந்தக் குழாய் இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு போவேன். அவள் புருஷன் என்னவானார், அவள் எத்தனை வருடம் அந்த வரிசையில் நின்றாள், யாராவது அவளுக்கு ஊற்று நல்ல தண்ணீர்தான் என்று எடுத்துச் சொன்னார்களா... எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவில்லை. உங்களிடம் சொன்னால் பாரம் கொஞ்சம் இறங்கும் என்று நினைத்தேன். இறங்கவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள், சொல்ல வேண்டியது உங்களிடம் அல்லவே!

யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தண்ணீர் கொடுக்கிறார்கள். குடித்துவிட்டு, "நல்ல தண்ணி" என்று சொல்லிவிடுகிறேன். யாரும் கேட்பதில்லை. நானாகத்தான் சொல்கிறேன்.