பதிவு செய்த பிரம்மச்சாரி

என் அப்பாவின் கணக்கில் மனிதர்கள் இரண்டே வகை. நிற்கிறவன், உட்கார்ந்திருக்கிறவன். பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் அவர். அங்கே வெயிலில் நின்றவர்களை மண்டோர் விரட்டினார், மண்டோரைக் கிராணி விரட்டினார், கிராணியைத் துரை விரட்டினார். துரை மட்டும் உட்கார்ந்திருந்தார். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, நாங்களும் ஈப்போவுக்கு வந்துவிட்டோம். அப்பா ஓய்வு பெறும் வரைக்கும் தொழிற்சாலை பஸ் ஓட்டினார். வேலைநேரம் முழுக்க உட்கார்ந்தே இருந்தும் தன்னை அவர் இரண்டாவது வகையில் சேர்த்துக்கொண்டதே இல்லை.

ஆகவே பள்ளியிறுதிப் பரீட்சையான எஸ்பிஎம் முடித்த கையோடு நான் ராணுவத்தில் சேரப்போகிறேன் என்றபோது, அவர் நாட்டுப்பற்றைப் பற்றியோ உயிராபத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. "நிக்கவா, உக்காரவா?" என்று மட்டும் கேட்டார்.

கேள்வி நியாயமானதுதான். எனக்கு அதிகாரியாக வேண்டும் என்ற ஆசை இருந்தது. அதற்கு வழி இரண்டு. ஒன்று, எஸ்பிஎம் சான்றிதழோடு சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, வருஷக்கணக்கில் உழைத்து, மேலிடத்தின் கண்ணில் பட்டால் ஒருநாள் அதிகாரியாவது. மற்றது, டிப்ளோமா படித்துவிட்டு நேராகப் பயிற்சி அதிகாரியாகப் போய், பயிற்சி முடிந்ததும் தோளில் நட்சத்திரத்தோடு வெளியே வருவது.

பக்கத்துப் புளோக்கில் இருந்த என் பள்ளித் தோழன் யோசிக்கவே இல்லை. பரீட்சை முடிவு வந்த வருஷமே சிப்பாயாகப் போய்விட்டான். முதல் விடுமுறையில் மொட்டைத் தலையும் கறுத்த கழுத்துமாக வந்து நின்றான்.

"உள்ள வந்துரு மச்சான். அப்புறம் மேல ஏறிக்கலாம் லா. எங்க கேம்ப்ல ஒரு கேப்டன் சிப்பாயா சேர்ந்து வந்தவருதான்."

அப்பா பத்திரிகையை மடித்து வைத்தார். "ஒரு கேப்டன். சரி. மத்தவன்லாம் என்ன ஆனான்?"

தோழன் யோசித்தான். மற்றவர்களைப் பற்றி அவன் விசாரித்திருக்கவில்லை.

"எங்க தோட்டத்துல மண்டோரா இருந்தவன் மண்டோராவேதான் செத்தான்," என்றார் அப்பா. "கீழ இருந்து ஏறுனவன நான் பாத்ததில்ல. சேர்றதுன்னா துரையா சேரு. இல்லாட்டி இங்கயே கிட."

அதோடு விஷயம் முடிந்தது. நான் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா சேர்ந்தேன். சேர்ந்தேனே தவிர, மனசு முழுதாகச் சேரவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் சிப்பாய் வழியின் நன்மைகள், அந்தப் பக்கம் அதிகாரி வழியின் நன்மைகள் என்று எழுதிக்கொண்டே இருந்தேன். மூன்று வருஷம் எழுதினேன். நான் எழுதிக்கொண்டிருந்த அந்த மூன்று வருஷத்தில் தோழன் லான்ஸ் கார்ப்பரல் ஆனான், மோட்டார் சைக்கிள் வாங்கினான், ஒருமுறை கையை முறித்துக்கொண்டு அதையும் குணப்படுத்திக்கொண்டான்.

உடம்பையும் நான் விட்டுவைக்கவில்லை. காலையில் போலோ கிரவுண்டில் ஓட்டம். தட்டைப் பாதம் இருந்தால் கழித்துவிடுவார்கள் என்று யாரோ சொன்னதால், காலை நனைத்துச் சிமெண்டுத் தரையில் மிதித்து, ஈரத் தடத்தைக் குனிந்து ஆராய்வேன். வீட்டில் யார் குளித்துவிட்டு வந்தாலும் அவர்கள் தடத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். அம்மாவுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. "அங்க மாட்டுக்கறி போட்டா என்னடா பண்ணுவ?" எதிரி நாட்டுப் படை என்ன போடும் என்று அவர் கேட்டதே இல்லை. தினமும் இரண்டு அரைவேக்காட்டு முட்டை கொடுத்து, நான் குடிக்கிறேனா என்று நின்று பார்ப்பார்.

இதற்கிடையில் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். பேசினார்கள் என்பது மரியாதைக்கு. பெண்ணை நானே பார்த்துப் பழகி, பிறகு பெரியவர்கள் பேசி முடித்தது போல ஏற்பாடு செய்துகொண்டோம். அவளுக்குச் சொந்த ஊர் ஈப்போவை அடுத்த லகாட். அரசாங்க மருத்துவமனைத் தாதி. படித்து முடித்ததும் அவளைக் கூச்சிங்கில் போட்டுவிட்டார்கள். நடுவில் கடல் இருந்தது. நாங்கள் தொலைபேசியில் சண்டை போட்டு, தொலைபேசியிலேயே சமாதானமாகிக்கொண்டிருந்தோம்.

நாள் குறிக்கிற நேரத்தில் அவளுடைய பெரியப்பா காலமானார். ஒரு வருஷத்துக்குச் சுபகாரியம் கிடையாது என்று அவர்கள் வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஆனால் ஈப்போவுக்கு மாற்றல் கேட்டு அவள் போடும் மனுவோடு திருமணப் பத்திரம் இணைத்தால் அது கொஞ்சம் வேகமாக நகரும். என் வருங்கால மாமனார் இரண்டு நாள் யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார். "ரெஜிஸ்டர் பண்றது சுபகாரியத்துல சேராது. அது வெறும் கையெழுத்துதானே."

அப்படித்தான் நாங்கள் பதிவு இலாகாவுக்குப் போனோம். பட்டுப்புடவை இல்லை, மாலை இல்லை, இனிப்பு இல்லை. துக்க வருஷம் பாருங்கள். அதிகாரி உறுதிமொழி வாசித்தார், கையெழுத்துப் போட்டோம், அவர் வாழ்த்துச் சொன்னார். மாமனார் அந்த வாழ்த்தை அவசரமாக நிறுத்தி, "கல்யாணம் அடுத்த தையிலதான் சார்," என்று திருத்தினார். பிறகு எல்லாரும் ஒரு சைவக் கடையில் வாழையிலையில் சாப்பிட்டோம். நானும் அவளும் பக்கத்தில் உட்காரக்கூடாது என்று அவள் தங்கையை நடுவில் உட்கார வைத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் இது புதுமை இல்லை. பாதிப் பேர் மாதக்கணக்கில் முன்னாலேயே பதிவு செய்துவிடுவார்கள். தாலி ஏறும் வரை பையன் பையன்தான், பெண் பெண்தான். பத்திரம் பீரோவில் இருக்கும், பெண் அப்பா வீட்டில் இருப்பாள். அவள் விடுமுறையில் வந்தால் சினிமாவுக்குக்கூடத் தங்கையோடுதான் அனுப்பினார்கள். சட்டப்படி என் மனைவியான பெண்ணைப் பார்க்க நான் சட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பள்ளிப் பிள்ளைக்கு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்த வருஷந்தான் பயிற்சி அதிகாரிகளுக்கு ஆள் எடுத்தார்கள். என் டிப்ளோமா தயார், பாதம் வளைந்திருந்தது, வயதும் சரி. விண்ணப்பப் பாரத்தைக் கணினியில் நிரப்பினேன். பயிற்சி முடியும்வரை பூஜாங்காக, அதாவது கல்யாணமாகாதவராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை. பூஜாங், திருமணமானவர், டூடா என்று மூன்று கட்டம் இருந்தது. நான் ஒரு கணம் தயங்கினேன். பக்கத்தில் அப்பா இருந்தார்.

"பூஜாங்னு போடு. கல்யாணம் எங்கடா ஆச்சு?"

அம்மா அடுப்படியிலிருந்து, "தைக்குத்தானே," என்றார். பயிற்சி முடிவதற்கும் தை பிறப்பதற்கும் இடையில் எத்தனை வாரம் என்பதைக்கூட நான் நாட்காட்டியில் எண்ணிப் பார்த்து வைத்திருந்தேன். கல்யாணத்தைப் பயிற்சி முடிந்த பிறகுதானே செய்யப்போகிறேன், இதைவிட நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவன் எவன் இருக்க முடியும்? பூஜாங் என்ற கட்டத்தைச் சுத்தமான மனசாட்சியோடு அழுத்தினேன்.

ஓட்டத்தில் தேறினேன். மருத்துவச் சோதனையில் தேறினேன். கடைசியில் நேர்முகம். மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள், நான் நின்றிருந்தேன். தலைமைத்துவம் என்றால் என்ன என்று கேட்டார்கள். நோட்டுப் புத்தகத்தில் மூன்று வருஷமாக எழுதியதை ஒப்பித்தேன். நடுவில் இருந்தவர் தலையசைத்தார். எனக்குள் பாட்டே கேட்டது.

ஓரத்தில் இருந்தவர் ஒரு தாளைப் புரட்டினார். "உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?" என்று மலாயில் கேட்டார்.

"இன்னும் இல்லை, துவான்."

"பதிவு இலாகா ஆகிவிட்டது என்கிறதே."

"பதிவு மட்டுந்தான், துவான். கல்யாணம் இன்னும் இல்லை."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் விளக்கினேன். தாலியைப் பற்றிச் சொன்னேன், தை மாதத்தைப் பற்றிச் சொன்னேன், பெரியப்பா இறந்ததைச் சொன்னேன், நடுவில் உட்கார்ந்த தங்கையைக்கூடச் சொன்னேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. ஓரத்து அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, கோபமே இல்லாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"சரி. உன் மனைவிக்குத் தெரியுமா, அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று?"

மற்ற இருவரும் சிரிப்பை அடக்கினார்கள். நானும் சிரித்து வைத்தேன். கல்யாணமானவனை எடுக்க முடியாது, ஆனால் வேண்டுமென்றே பொய் சொன்னதாக எடுத்துக்கொள்ளவில்லை, அந்த மட்டில் சந்தோஷப்படு என்றார்கள். சிப்பாயாகவாவது சேரலாமா என்று வாசலில் இருந்த சார்ஜெண்டிடம் கேட்டேன். அதற்கும் பூஜாங்காக இருக்க வேண்டும் என்றார். மூன்று வருஷமாக இந்த வழியா அந்த வழியா என்று நிறுத்துப் பார்த்திருக்கிறேன், இரண்டுக்கும் வாசல் ஒன்றுதான் என்று பார்க்கவில்லை.

வீட்டில் அப்பாவுக்குக் கோபம் அரசாங்கத்தின் மேல். "தாலி கட்டாதவன எப்படி கல்யாணமானவன்னு சொல்லுவான்?" தோழன் தொலைபேசியில் ஒரே மூச்சில் தீர்வு சொன்னான். "பேப்பர கேன்சல் பண்ணு மச்சான். ட்ரெய்னிங் முடிச்சிட்டு மறுபடி ரெஜிஸ்டர் பண்ணிக்க. வெறும் பேப்பர்தானே லா."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. அதுதான் விஷயம். ஒரு வாரம் யோசித்தேன், ஒவ்வொரு நாளும் இன்னும் நியாயமாகப் பட்டது.

அவள் அப்போது மாற்றல் கிடைத்து ஈப்போவுக்கு வந்திருந்தாள். ஒரு சாயங்காலம் அவள் வேலை முடிந்ததும் மருத்துவமனைக்குப் பக்கத்துக் கடையில் உட்கார்ந்தோம். நான், அவள், நடுவில் தங்கை. நான் தேர்வில் நடந்ததைச் சொன்னேன். ஓரத்து அதிகாரி கேட்ட கேள்வியை மட்டும் விட்டுவிட்டேன். பிறகு தோழனின் யோசனையை என் யோசனையாகச் சொன்னேன்.

"ஒரு வருஷந்தான். ரத்து பண்ணிட்டு, பயிற்சி முடிஞ்சதும் மறுபடி பண்ணிக்கலாம். நமக்குள்ள ஒன்னும் மாறப்போறதில்ல."

அவள் தங்கையிடம், "போய் இன்னொரு தே ஓ வாங்கிட்டு வா," என்றாள். தங்கை எழுந்து போனாள். பதிவு செய்த பிறகு எங்களுக்கு நடுவில் யாருமில்லாமல் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"ரத்துன்னா அதுக்குப் பேரு விவாகரத்து," என்றாள். "அதுக்கப்புறமும் நீங்க பூஜாங் ஆக மாட்டீங்க. டூடா. பொண்டாட்டிய விட்டவன். பாரத்துல அதுக்கு வேற கட்டம் இருக்கு."

நான் அந்தக் கட்டத்தைப் பார்த்திருந்தேன். அது எனக்கும் இருக்கிறது என்று தோன்றவே இல்லை. வெட்கத்தை மறைக்க, "என் பாரத்த என்னவிட நல்லா வாசிச்சிருக்க போல," என்றேன்.

"உங்க பாரம் இல்ல. என்னோடது."

எனக்குப் புரியவில்லை.

"ராணுவ ஆஸ்பத்திரிக்குத் தாதி எடுத்தாங்க. நேரா அதிகாரி. சும்மாதான் எழுதிப் போட்டேன். நேர்முகத்துக்கு வரச் சொல்லி லெட்டர் வந்துருச்சு. நம்ம ரெஜிஸ்டர் பண்றதுக்குப் பத்து நாள் முந்தி." அவள் கிளாஸைப் பார்த்துப் பேசினாள், குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "பூஜாங்னு போட்டிருந்துச்சு. கையெழுத்து போட்டா நான் பூஜாங் இல்லன்னு எனக்குத் தெரியும். அதனால போகல."

கடையில் யாரோ ரொட்டிக்கு மாவு வீசிக்கொண்டிருந்தார்கள். மூன்று வருஷமாக நான் எந்தப் பதவிக்கு முட்டை குடித்து, தரையில் ஈரக்கால் மிதித்து, நோட்டுப் புத்தகம் நிரப்பினேனோ, அந்தப் பதவி அவளைத் தேடி வந்திருக்கிறது. வாழையிலையில் நாங்கள் சாப்பிட்ட அன்றைக்கு அவள் அதை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அவமானமாக இருந்தது. அவளுக்காக வருத்தப்படுவதற்கு முன்னால், அவள் என்னை முந்திவிட்டாளே என்று ஒரு சின்னப் பொறாமை வந்து போனதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதை எழுதி என்ன பயன்?

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லிருந்தா என்ன சொல்லிருப்பீங்க? போன்னா, போகாதன்னா?"

அதற்குள் தங்கை தேநீரோடு வந்து நடுவில் உட்கார்ந்துவிட்டாள். நான் ரத்துப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. தையில் தாலி கட்டினேன், இரண்டு வீட்டாரும் இப்போதுதான் கல்யாணமானது என்று திருப்தி அடைந்தார்கள். இன்று சிம்பாங் பூலாயில் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் லாரிக்காரர்கள் தலைக்கவசம் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது என் வேலை. பெரும்பாலும் நின்றுகொண்டுதான் பார்க்கிறேன். அவள் இன்னும் அதே மருத்துவமனையில் இருக்கிறாள்.

அந்தக் கேள்வியை அவள் மறுபடி கேட்டதில்லை, நானும் பதில் சொன்னதில்லை. பதில் எனக்குத் தெரியும். போ என்றும் சொல்லியிருக்க மாட்டேன், போகாதே என்றும் சொல்லியிருக்க மாட்டேன். "முதலில் நான் ஆகிவிடுகிறேன், அப்புறம் உன்னுடையதைப் பார்க்கலாம்" என்று சொல்லியிருப்பேன். அது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. அது தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டாள்.